அடித்த சட்டி எது?

"இந்தச் சட்டியால ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க முடியாது இன்ஸ்பெக்டர்" என்றார் ஓவர்சியரம்மா.

இன்ஸ்பெக்டர் டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "மனுஷனையே அடிச்சாச்சு மேடம். அடிச்சவரே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நீங்க என்ன கரப்பான்பூச்சியில நிக்கிறீங்க?"

மேஜை மேல் அந்த இரும்புச் சட்டி கிடந்தது. நீளமான கைப்பிடி, கறுகறுவென்ற வயிறு, பழைய காலத்து வார்ப்பிரும்பு. கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொலைக்கருவியாம். எனக்கோ அதைப் பார்த்ததும் ரெண்டு முட்டையை உடைத்து ஊற்றலாமே என்றுதான் தோன்றியது. வெறும் வயிற்றோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தால் புத்தி அப்படித்தான் போகும்.

ஓவர்சியரம்மாவைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். கட்டட ஓவர்சியராக இருந்தவர். சுவரை விரலால் தட்டியே உள்ளே சிமெண்டு எவ்வளவு, மணல் எவ்வளவு, காண்டிராக்டர் விழுங்கியது எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சொன்னதை வெளியிலும் சொன்னதால் வேலையில் நீடிக்க முடியவில்லை. துப்பறிய வந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். முன்பு பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற வேலை போனாலும் பெயர் போகவில்லை, இன்றைக்கும் எல்லோருக்கும் நான் கண்டக்டர்தான்.

வழக்கு இதுதான். பழைய சாமான் வியாபாரி ஒருவன். இரும்பா, பித்தளையா என்று ஒட்டிப் பார்க்கச் சட்டைப்பையில் காந்தக்கட்டியோடு அலைவான், அதனால் பெயரே காந்தம். அவன் ஒரு வீட்டு ஹாலில் பின்னந்தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். அந்த வீட்டுக்காரர் பழைய மடக்குக் கத்திகள் சேர்ப்பவர், மனைவி பழைய இரும்புச் சட்டிகள் சேர்ப்பவர். பழைய சாமான் சந்தையில் கத்திக்காரர், சட்டியம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். கத்திக்காரரே போலீசுக்குப் போன் போட்டார். வாய்ச்சண்டை முற்றியது, சட்டியை எடுத்து அடித்தேன், கழுவி மாட்டிவிட்டேன் என்றார். எந்தச் சட்டி என்று கேட்டதற்குச் சுவரில் ஒன்றைக் கைகாட்டினார். போலீசுக்கு வேலை மிச்சம்.

அன்று பகலெல்லாம் தங்கை வீட்டில் இருந்த சட்டியம்மா, மறுநாள் எங்களைத் தேடி வந்து உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரர் செய்யல. யார் செஞ்சான்னு கண்டுபிடிச்சு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான் கேட்டார். நாளைக்குக் காலையில் கத்திக்காரரைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். அங்கேயும் அவர் 'ஆமாம், நான்தான்' என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனை அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

ஓவர்சியரம்மா சட்டியைக் கைப்பிடியில் பிடித்துத் தொங்கவிட்டார். இன்ஸ்பெக்டரின் பேனாவை எடுத்து அதன் வயிற்றில் தட்டினார்.

டொக்.

"கேட்டுச்சா?"

"டொக்குன்னுச்சு" என்றேன்.

"நல்ல வார்ப்புன்னா ணங்குன்னு மணி மாதிரி பாடும். இதுல விரிசல் இருக்கு. இந்தா பாருங்க." கைப்பிடியும் சட்டியும் சேர்கிற இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. "வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இதை ஒரு மண்டையில ஓங்கிப் போட்டிருந்தா கைப்பிடி மட்டும்தான் கையில நின்னிருக்கும்."

"அடிச்சதுலதான் விரிசல் விட்டுச்சுன்னு நான் சொல்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புது விரிசல்னா உள்ள வெளிறித் தெரியும். இதுல எண்ணெய் இறங்கி இறங்கிக் கறுத்துப் போயிருக்கு. வருஷக்கணக்கான விரிசல் சார் இது."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். "மேடம், நேத்து அவர் சம்சாரம் வந்து உக்காந்துக்கிட்டு 'நான்தான் அடிச்சேன், அவரை விடுங்க'ன்னு ஒரே அழுகை. தங்கச்சி வீட்டுல ரெண்டு வேளை சாப்பிட்டுட்டு வந்த அம்மா! எப்படி அடிச்சீங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க. எங்க ஆளுங்க சிரிச்சுட்டாங்க. இன்னிக்கு நீங்க சட்டியைப் பேச வெக்கிறீங்க. நாளைக்கு அந்த வீட்டு அடுப்பு வந்து வாக்குமூலம் குடுக்குமா?"

"கத்திக்காரரைப் பாக்கலாமா?"

"தாராளமா. அவரை மாத்திப் பேச வெச்சுட்டா டீ என் செலவு."

கம்பிக்குப் பின்னால் கத்திக்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டியை ஓங்குவது இருக்கட்டும், பிடித்துக்கொண்டு நிற்பாரா என்றே எனக்குச் சந்தேகம்.

"நீங்க காட்டின சட்டியில விரிசல் இருக்கு. தெரியுமா?" என்றார் ஓவர்சியரம்மா.

"எனக்கெப்படித் தெரியும்? அவ சட்டியை நான் தொடமாட்டேன், என் கத்தியை அவ தொடமாட்டா. கல்யாணம் ஆனதிலேர்ந்து அதான் எங்க ஏற்பாடு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அன்னிக்கு மட்டும் தொட்டேன்."

"யாரைக் காப்பாத்துறீங்க?"

அவர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பி, ஒரு உதவி. என் பையில இருந்த பேனாக்கத்தியை வாங்கி வெச்சிருக்காங்க. வெளிய கான்ஸ்டபிள் அதுல ஆப்பிள் நறுக்கித் தின்னுட்டிருக்கார்."

"நல்லா இருக்கே நியாயம்!"

"தின்னட்டும், கத்தின்னா வெட்டத்தானே. ஆனா ஈரத்தோட மடக்கிடுவாரு. துடைச்சுட்டு, மடக்குல ஒரு பொட்டு எண்ணெய் விட்டு, அந்த எண்ணெயையும் ஒட்டத் துடைச்சு எடுத்துடச் சொல்லுங்க. விட்டதே தெரியக்கூடாது. எண்ணெய் நின்னுச்சுன்னா தூசி ஒட்டிக்கிட்டு மடக்கு இறுகிப் போயிடும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஐயா, நாளைக்கு உங்க ஆயுசையே மடக்கி வெக்கப் போறாங்க. நீங்க கத்திக்கு எண்ணெய் போடச் சொல்லிக்கிட்டிருக்கீங்க!"

அவர் கம்பிக்கு நடுவே ரெண்டு கையையும் நீட்டி என்னைக் கும்பிட்டார். "விட்டுட்டுப் போயிடுங்க தம்பி. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். தோண்டாதீங்க."

வேலை கொடுத்தவர் மனைவி. வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறவர் புருஷன். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது? ஸ்டேஷன் வாசலில் நின்று ரெண்டு பேரும் கையைப் பிசைந்தோம்.

"நம்மால முடியலைன்னு சொல்லிட்டுப் போயிடலாமா மேடம்?" என்றேன்.

"அடிச்ச சட்டி இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கு கண்டக்டர். பாத்துட்டுச் சொல்லலாம்."

சட்டியம்மா கதவைத் திறந்ததும் எங்கள் முகத்தைத்தான் பார்த்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றதும் உள்ளே வழிவிட்டார்.

ஹாலும் சமையலறையும் ஒன்றாகச் சேர்ந்த வீடு. ஒரு பக்கச் சுவர் முழுக்க இரும்புச் சட்டிகள். கையகலத்தில் ஒன்று, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒன்று, கால் வைத்தது, மூடி போட்டது, ஊற்றுவதற்கு மூக்கு வைத்தது. எல்லாம் கறுப்புத்தான், ஆனால் எல்லாவற்றிலும் ஜன்னல் வெளிச்சம் மினுங்கியது. எதிர்ச்சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகள். கொம்புப் பிடி, எலும்புப் பிடி, மரப்பிடி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பொடியன். எதிலும் ஒரு துளி அழுக்கு இல்லை. எனக்கே ஒன்றைத் திறந்து மூடிப் பார்க்கக் கை பரபரத்தது.

"சந்தையில ஒரே பெட்டியில ஒரு சட்டியும் ஒரு கத்தியும் கிடந்துச்சு" என்றார் சட்டியம்மா. "ரெண்டும் சேந்துதான் குடுப்பேன்னு கடைக்காரன் அடம். எனக்குச் சட்டி வேணும், இவருக்குக் கத்தி வேணும். பேரம் பேசப் போய்க் கல்யாணத்துல முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமையானா நான் சட்டியைக் காயவெப்பேன், இவர் பக்கத்துல நின்னு உருளைக்கிழங்கைக் கையிலயே வெச்சு வட்ட வட்டமா நறுக்கி நேரா சட்டியில விழ வெப்பாரு. பலகை வெச்சுக்கவே மாட்டாரு. 'கை வெட்டிக்கப் போறீங்க'ன்னு நான் கத்துவேன். கத்தறதுக்காகவே அப்படி நறுக்குவாரு."

நான் கத்திப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா, போலீஸ் எடுத்துட்டுப் போனது விரிசல் விட்ட சட்டி" என்றார் ஓவர்சியரம்மா.

சட்டியம்மா நிமிர்ந்தார். "அதுவா? அது சும்மா அழகுக்கு மாட்டினது. அதுல அடிச்சிருந்தா ரெண்டாயிருக்குமே!"

"அதேதான். உங்க வீட்டுக்காரர் அடிச்சிருந்தா அடிச்ச சட்டியைக் காட்டியிருப்பார். அவருக்கு அது எதுன்னே தெரியல. அப்ப அது இந்தச் சுவர்லதான் தொங்குது."

சட்டியம்மாவின் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. பாவி, நானும் உற்சாகமாகிவிட்டேன்.

"நீங்க வந்ததிலேர்ந்து இதுல எதையாவது எடுத்தீங்களா?"

"அடுப்பே பத்தவெக்கல. பக்கத்து வீட்டுல குடுக்கறதைத் தின்னுட்டுக் கிடக்கோம். அதையும் என் பொண்ணு தொடமாட்டேங்கறா. கண்ணாடிக் கடையில வேலை அவளுக்கு, மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டுவா. அன்னிலேர்ந்து வேலைக்கும் போகல, ரூமை விட்டும் வரல. அப்பா செல்லம்." மூடியிருந்த ஓர் அறைக்கதவைக் காட்டினார்.

ஓவர்சியரம்மா சுவரை ஒட்டி நடந்தபடி ஒவ்வொரு சட்டியின் விளிம்பிலும் விரலை ஓட்டினார். வழவழவென்று ஓடிய விரல், ஜன்னலுக்குப் பக்கத்துச் சட்டியில் நின்றது.

"கண்டக்டர், இங்க தொடுங்க."

தொட்டேன். பச்சக் என்று ஒட்டியது. "உவ்வே! பஸ்ஸுல சீட்டுக்கு அடியில கை விட்ட மாதிரி இருக்கு."

கைக்குட்டையால் பிடித்துச் சட்டியை இறக்கி வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே, வெளியே, அடியில் எல்லா இடத்திலும் பாதி வெந்த எண்ணெய் பிசுபிசுவென்று படிந்திருந்தது. அந்தப் படலத்தில், விளிம்பு ஓரமாக, ஒரு கட்டைவிரலும் மூன்று விரல்களும் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன. ரேகை வரி வரியாகத் தெரிந்தது.

"அடிச்சவங்க கழுவியிருக்காங்க" என்றார் ஓவர்சியரம்மா. "கழுவி அப்படியே மாட்டியிருந்தா இத்தனை நேரம் துருப்பிடிச்சிருக்கும். அடுப்புல காயவெச்சு, எண்ணெய் தடவி, சூடு பண்ணி மாட்டியிருக்காங்க."

"ஒருத்தனைக் கொன்னு போட்டுட்டுச் சட்டிக்கு எண்ணெய் தடவிக்கிட்டு நிக்கிறதா? எந்த ஊர் வழக்கம் மேடம் இது?"

"இந்த வீட்டு வழக்கம்."

சட்டியம்மா குனிந்து பார்த்தார். பார்த்ததும் கொலை, கோர்ட்டு எல்லாம் மறந்து அவருக்குக் கோபம்தான் வந்தது. "அய்ய, இது என்ன கண்றாவி! இம்மாம் எண்ணெயை விட்டா பிசினு மாதிரிதான் ஆகும். சட்டியைப் பழக்குறதுன்னா, தடவின எண்ணெயை 'அய்யோ தப்பா தடவிட்டோமே'ன்னு மொத்தமா துடைச்சு எடுக்கணும். அப்புறம்தான் அடுப்புல ஏத்தணும். இதுகூடத் தெரியாத எவ..."

பேச்சு அதோடு நின்றது.

நான் கவனிக்கவில்லை. குதித்தேன். "அப்ப வெளியாள் மேடம்! கத்திக்காரர் கத்திக்கே எண்ணெயை ஒட்டத் துடைக்கச் சொல்றவர், இது அவர் கை இல்ல. இதுல ரேகையும் இருக்கு. இன்ஸ்பெக்டர் டீ வாங்கியே ஆகணும்! அம்மா, ஐயா வந்துட்டார்னு வெச்சுக்கோங்க!"

ரெண்டு பேரும் என்னோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை.

"வெளியாளுக்கு எண்ணெய் தடவணும்னே தோணாது கண்டக்டர்" என்றார் ஓவர்சியரம்மா மெதுவாக. "கழுவினமா, ஓடினமான்னு போயிருப்பான். இது தடவணும்னு தெரிஞ்ச கை. துடைக்கணும்னு தெரியாத கை. சின்ன வயசிலேர்ந்து பக்கத்துல நின்னு பாத்திருக்கு, ஒரு நாளும் செஞ்சதில்ல."

அறைக்கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று எனக்குத் தெரியாது. கலைந்த தலையோடு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா வீட்டுல இல்லன்னு சொன்னேன்" என்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. "'பரவால்ல, கத்தியைப் பாத்துட்டு இருக்கேன்'னு காந்தம் உள்ள வந்துட்டான். கையைப் பிடிச்சான். உதறிட்டேன். கத்தினேன். சிரிச்சான். சிரிச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி நின்னு கத்திப்பெட்டியைப் பாக்க ஆரம்பிச்சான். 'இது நல்ல பீஸு, உங்கப்பன்கிட்ட சொல்லு'ன்னான். அப்பதான்மா கையில கிடைச்சதை எடுத்துட்டேன்."

"அப்புறம்?" என்றார் ஓவர்சியரம்மா.

"கழுவினேன். ஈரத்தோட வெச்சா அம்மா திட்டுவாங்களேன்னு அடுப்புல வெச்சேன். எண்ணெய் விட்டேன். எவ்ளோ விட்டேன்னு தெரியல. மாட்டிட்டுத் திரும்பறேன், அப்பா நிக்கிறாரு. 'நீ கடைக்குப் போ. நீ இன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கே வரல'ன்னாரு."

எங்காவது உட்காரலாம் என்றால், அந்த ஹாலில் காந்தம் விழுந்து கிடந்த இடம் எதுவென்று தெரியவில்லை. நின்றேன்.

"இதைச் சொன்னா கோர்ட்டு கேக்கும்மா" என்றார் ஓவர்சியரம்மா. "கையைப் பிடிச்சவன்..."

"பின்னந்தலையில அடி" என்றார் சட்டியம்மா. "திரும்பி நிக்கறவனை அடிச்சிருக்காளேன்னு கேக்க மாட்டாங்களா? விட்டுடுவாங்கன்னு நீங்க எனக்கு உறுதி சொல்வீங்களா?"

மூன்று மாடிக் கட்டடத்தையே தட்டிப் பார்த்து நிற்குமா விழுமா என்று சொல்கிற ஓவர்சியரம்மா, இதற்கு உறுதி சொல்லாமல் கையிலிருந்த சட்டியை மேஜை மேல் வைத்தார்.

படக்கென்று அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. சட்டி மேஜை மேல் இல்லை. சட்டியம்மா அதை நெருப்பில் ஏற்றி, ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேண்டாம்!" ஓவர்சியரம்மா பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தார். "உங்க வீட்டுக்காரர் வெளிய வர ஒரே வழி அதுல இருக்கு. அந்த ரேகை போச்சுன்னா எல்லாம் போச்சு."

"தெரியுது. கையை விடுங்க."

"உங்களுக்குப் புரியல..."

"என் சட்டி, என் அடுப்பு. கையை விடுங்கம்மா. சூடா இருக்கு, பட்டுடும்."

ஓவர்சியரம்மா விட்டுவிட்டார். பிடித்து இழுக்கிற வயதும் இல்லை, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுக்கவும் யாராலும் முடியாது. பழந்துணியைச் சுருட்டி, உப்போடு வைத்து, சட்டியம்மா தேய்க்க ஆரம்பித்தார். சரக், சரக் என்று சத்தம். அழுத்தித் தேய்த்தார். பிசுக்கு உருண்டு உருண்டு உப்போடு வந்தது. முதலில் விளிம்பைத்தான் தேய்த்தார்.

"அம்மா, நிறுத்தும்மா" என்று மகள் அழுதாள். "நான் போய்ச் சொல்லிடறேன். அப்பா வந்துடட்டும்."

"போய்ச் சொல்லு. நானும்தான் நேத்துப் போய்ச் சொன்னேன். என்ன பண்ணாங்க? சிரிச்சாங்க. உன்னைப் பாத்தும் சிரிப்பாங்க."

இன்ஸ்பெக்டரின் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. சம்சாரம் ஆச்சு, இப்போ பொண்ணா, அடுத்து பக்கத்து வீட்டுக்காரரா? உண்மையை உரக்கச் சொன்னாலும் நம்ப ஆளில்லாதபடி செய்துவிட்டார்கள் புருஷனும் பெண்டாட்டியும். ஒருவர் ஸ்டேஷனில் உட்கார்ந்து செய்தார், ஒருவர் அடுப்படியில் நின்று செய்கிறார். ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நாம ரெண்டு பேர் காதால கேட்டிருக்கோமே மேடம்?" என்றேன் மெல்ல.

"கேட்டதை எங்க கொண்டுபோய்க் குடுப்பீங்க கண்டக்டர்? சட்டியைத் தட்டிக் காட்டினதுக்கே இன்ஸ்பெக்டர் டீ குடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். கத்திக்காரர் வேற, கேக்கறவங்ககிட்ட எல்லாம் நான்தான் நான்தான்னு சொல்வார்." சொல்லிவிட்டு ஓவர்சியரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வழக்கில் கூடவே இருந்திருக்கிறேன், அவர் இப்படித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததில்லை.

சட்டியம்மா உப்பைத் தட்டினார். துணியில் எண்ணெய் தொட்டுத் தடவினார், வேறு துணியால் அத்தனையையும் துடைத்து எடுத்தார், திரும்ப அடுப்பில் வைத்தார். சட்டியில் இப்போது ஜன்னல் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

அப்புறம் கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்தார். எதிர்ச்சுவரில் இருந்த கத்திகளைப் பார்த்தார். அங்கே போகவில்லை. சமையலறைக் கத்தியையும் பலகையையும் எடுத்துவைத்து நறுக்கினார். கோணல்மாணலாகத்தான் வந்தது.

"வந்து உக்காரு" என்றார் மகளிடம்.

"எனக்கு வேணாம்மா."

"உக்காருன்னா உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். சட்டியிலிருந்து நேராகத் தட்டில் போட்டு முன்னால் வைத்தார். அவள் ஒன்றை எடுத்து வாயில் வைத்து, அழுதுகொண்டே மென்று விழுங்குகிறவரை பக்கத்திலேயே நின்றார். விழுங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் கோர்ட்டுல அவர் பக்கத்துல போய்ப் பேச விடுவாங்களா தம்பி? ரொம்ப வேணாம். பொண்ணு சாப்பிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"விடுவாங்கம்மா" என்றேன்.

விடுவார்களா என்று எனக்குத் தெரியாது.